பழைய கயென் வாங்குறதுக்கு முன்னாடி அடியில குனிஞ்சு பாருங்க

911 மாதிரி ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் வித்துப் பிழைக்க முடியாதுன்னு போர்ஷே 2002-ல இறக்கின எஸ்யூவிதான் கயென். ஃபோக்ஸ்வாகன் டுவாரெக்கோட சேர்ந்து உருவானது. அப்போ முகம் சுளிச்ச 911 ரசிகர்கள் ஏராளம். ஆனா வண்டி சும்மா இல்லை: 4.5 லிட்டர் வி8 இன்ஜின் (நாலு நாலா ரெண்டு வரிசையில எட்டு சிலிண்டர்), டர்போ மாடல்ல 450 குதிரைத்திறன், காடு மேடு ஏற லோ ரேஞ்ச் கியர் வேற.

இப்போ பழசு மலிவா கிடைக்குதுன்னு பாய்றவங்களுக்கு ஒரு விஷயம். இந்த வி8-ல இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காத்து கொண்டு போற குழாய்த் தொகுதி) கீழ ஓடுற கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம்) பைப்புகள் பிளாஸ்டிக். ரெண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவுல இருக்கிற பள்ளத்துல, சூட்டிலேயே வெந்து மொறுமொறுன்னு ஆகி ஒருநாள் உடையும். கூலன்ட் பின்பக்கமா வழிஞ்சு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற இடத்துல சொட்டும். பார்க்கிற மெக்கானிக் கியர்பாக்ஸ் மேல சந்தேகப்படுவார். அதே பள்ளத்துலதான் ஸ்டார்டர் மோட்டாரும் இருக்கு, அதுவும் நனையும்.

மாத்தினா அலுமினியப் பைப்பே போடுங்க. மேனிஃபோல்டைக் கழற்றியாகணும், அதனால அதோட கேஸ்கெட்டும் (இணைப்புல கசியாம அடைக்கிற தகடு) புதுசு. ஸ்டார்டரையும் அப்பவே பார்த்துடுங்க, இல்லன்னா அதே கூலி இன்னொரு தடவை.

ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் சீட்டுக்கு அடியில டம் டம்முன்னு இடிக்குதா? சக்கரங்களுக்குச் சக்தி கொண்டு போற நீளத் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டோட நடு பேரிங்கைத் தாங்குற ரப்பர் கிழிஞ்சிருக்கும். மெக்கானிக் இதுக்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கணும்னு சொன்னா சாவியைக் கொடுக்காதீங்க.