ராத்திரி பத்து மணி ராக்: பெரம்பூர் நாட்குறிப்பு

2024 டிசம்பர் 12, வியாழன்

விடாத மழை. என் ராத்திரி பத்து மணி ராக் ஷோவுக்கு இன்றைக்கு வரவேண்டியது ஓஎம்ஆர் பக்கத்து மெட்டல் பேண்டு ஒன்று. "மேம், தண்ணி வடிஞ்சதும் வரோம்" என்று மத்தியானமே மெசேஜ் போட்டுவிட்டார்கள். பாலம் தாண்டி வடசென்னைக்குள் வர அந்தப் பையன்களுக்கு மழை ஒரு சாக்கு. மே மாசம் கூப்பிட்டபோது வெயிலைச் சொன்னார்கள்.

எங்கள் இணைய வானொலி என்பது ஒரு அச்சகத்தின் மாடியில் ஒரே ஒரு அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோம். அப்படியும் ரயில் போனால் மைக்கில் விழும். கண்டென்சர் மைக்கைக் கொடுத்துவிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டில் டைனமிக் மைக் வாங்கியதே அதற்காகத்தான்.

ஆள் இல்லாமல் ஷோ நடத்தப் பிடிக்கவில்லை. கீழே டீக்கடையில் மழைக்கு ஒதுங்கி நின்ற பேண்டு செட் அண்ணனை மேலே கூட்டிவந்து உட்காரவைத்தேன். புளியந்தோப்புக்காரர், டிரம்பெட் வாசிக்கிறவர். ஊர்வலம் கான்சல் ஆகி, கையில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். பழைய புளூஸ் ராக் பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் விரலால் மூன்று பட்டனையும் அமுக்கிப் பார்த்தார். முதல் சுற்றில் சும்மா இருந்தார். இரண்டாவதில் தலை ஆடியது. மூன்றாவதில், "பன்னெண்டு எண்ணுனா ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடுதும்மா. பாடுறவன் இன்னா பாடுனாலும் அடியில அதே பன்னெண்டுதான் ஓடுது" என்றார். பன்னிரண்டு தாளக்கட்டுக்கு ஒருமுறை திரும்பத் தொடங்கும் இந்தப் பன்னிரண்டு பார் புளூஸை எனக்கு விளக்க ஒரு கிதார் வாத்தியார் அரை நாள் எடுத்துக்கொண்டார். இவர் ஒரு டீ நேரத்தில் பிடித்துவிட்டார்.

முடிக்கும்போது பேர் சொல்லுங்கண்ணே என்றேன். "செட்டு பேரு சொன்னா போதும்மா." அதெல்லாம் இங்கே நடக்காது, இந்த ஷோவில் வாசிக்கிற எல்லோர் பெயரையும் சொல்லியே ஆகணும் என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். டிரம்ஸ் அடிக்கும் மச்சான் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

டிசம்பர் 16, திங்கள்

தபலா மேதை ஜாகிர் உசேன் போய்விட்டார். நேற்று ராத்திரியே ஒரே குழப்பம். இருக்கிறார், இல்லை என்று மாற்றி மாற்றிச் செய்தி. காலையில் குடும்பத்தார் உறுதிசெய்தார்கள். சான் பிரான்சிஸ்கோவில், 73 வயதில்.

போட்டிருந்த பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு ஒரு மணி நேரமும் தபலாதான். "ராக் ஷோவுல இன்னா தபலா?" என்று சாட்டில் ஒருத்தர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 1973-இல் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் ஆல்பத்தில் வாசித்த கை அது. ஜான் மெக்லாஃப்லின் எலெக்ட்ரிக் கிதாரில் உச்சத்தில் இருந்த சமயத்தில் அதை ஓரமாக வைத்துவிட்டு, அக்கூஸ்டிக் கிதாரோடு சக்தி குழுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்றால் பக்கத்தில் ஜாகிர் இருந்தார், எல். சங்கர் வயலின் இருந்தது, நம்ம விக்கு விநாயக்ராம் கடம் இருந்தது. அந்த சக்தி இந்த வருஷம் பிப்ரவரியில் கிராமி வாங்கியது. கிரேட்ஃபுல் டெட் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-இல் கொண்டுவந்த பிளானட் டிரம் ஆல்பத்திலும் ஜாகிர் உண்டு, விக்குவும் உண்டு. உலக இசைக்கென்று கிராமியில் முதல்முதலாகத் தனிப் பரிசு வைத்தபோது அதை வாங்கிய ஆல்பம் அது.

காசிமேட்டிலிருந்து ஒரு போன். ஐஸ் உடைக்கும் மெஷின் சத்தம் பின்னாடி கேட்கிறது. ராத்திரி ஷிஃப்டில் இருக்கிறாராம். "யக்கா, அந்தப் பானை வாசிச்சவர் பேரை இன்னொரு தபா சொல்லு." சொன்னேன். "மெட்ராஸ்காரரா?" ஆமாம். "அப்ப செரி" என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 20, வெள்ளி

பெரம்பூரில் பேஸ் கிதார் அங்கிளைப் போய்ப் பார்த்தேன். இத்தனை நாள் போன் எடுக்காதவர், கேக் ஆர்டர் கொடுக்க வந்த ஒருத்தி சிபாரிசில் எடுத்தார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆன ஆங்கிலோ-இந்தியர். ஆம்பளை, பொம்பளை, தபால்காரர், நான், எல்லோரும் அவருக்கு "மேன்"தான்.

சுவரில் கிதார் வரிசை. பேஸை மட்டும் பீரோவுக்குள், துணி சுற்றி வைத்திருக்கிறார். கடல் காற்றில் கம்பி துருப்பிடிக்குமாம். எடுத்து மடியில் வைத்துக் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியாக, மேலிருந்து கீழே, அடிப்பக்கம் விரலை விட்டுத் துடைத்தார். நாலு கம்பி துடைக்க நாலு நிமிஷம். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ரெக்கார்டரை ஆன் பண்ணவில்லை.

பையனாக இருந்தபோது ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிக்கப் பழகினாராம். பாட்டு ஒருமுறைதான் வரும், அதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சத்துக்கு மூர் மார்க்கெட் பழைய ரெக்கார்டு கடை. 1985-இல் மார்க்கெட் எரிந்தபோது தன் சொந்த வீடே எரிந்த மாதிரி இருந்ததாம். சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் டான்ஸ், ஞாயிறு சர்ச், நடுவில் ஒர்க்‌ஷாப்பில் லீவு சொல்லிவிட்டு கோடம்பாக்கத்தில் ரெக்கார்டிங். "அம்பது பேரு ஒரே ஹால்ல மேன். கடைசி லைன்ல ஒரு வயலின் சறுக்கினாலும் முதல்ல இருந்து. பாட்டு பாடுறவங்க பாவம், நம்மளால திருப்பித் திருப்பிப் பாடுவாங்க." கூலி எப்போது கைக்கு வரும் என்பதே தெரியாத காலம் ஒன்று இருந்தது. சினிமா வாத்தியக்காரர்களுக்கென்று இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சங்கம் கட்டிய பிறகுதான் மரியாதையாகக் கணக்குத் தீர்த்தார்கள் என்கிறார். எம்.பி.எஸ். பெயரைச் சொல்லும்போது மட்டும் "மேன்" இல்லை, "சார்".

பெரிய பாடகர்களை, நடிகர்களைப் பேட்டி எடுத்திருக்கிறேன். நாற்பது நிமிஷம் பேசுவார்கள், அத்தனையும் ஏற்கெனவே எங்கேயோ பேசியதாக இருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர்களிடம்தான் சரக்கு இருக்கிறது. அவர்களிடம் யாரும் கேட்டதில்லை, அதனால் தேய்ந்த பதில் எதுவும் கையில் இல்லை.

பொங்கல் ஸ்பெஷலுக்கு வந்து வாசிக்க ஒப்புக்கொண்டார். பேர் மட்டும் சொல்லக் கூடாதாம். "பேரு சொன்னா தப்பா வாசிச்சதும் என் கணக்குல வரும் மேன்." விதியாவது மண்ணாவது, தலையாட்டிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25, புதன்

அங்கிள் வீட்டிலிருந்து ரோஸ் குக்கீஸ், கல்கல், ஒரு துண்டு பிளம் கேக். அந்தத் தெருவில் பாதி வீடு ஆஸ்திரேலியாவில். ஷோவுக்கு லீவு.

2025 ஜனவரி 6, திங்கள்

இன்றைக்குத் தேதி பார்த்துத்தான் கானா தம்பியைக் கூப்பிட்டேன். 2018-இல் இதே நாள், கீழ்ப்பாக்கம் பெயின்ஸ் ஸ்கூல் மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல்முதலாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உண்டாக்கிய குழு. பத்தொன்பது பேர். பறை, சட்டி மேளம், கட்ட மோளத்துக்குப் பக்கத்திலேயே எலெக்ட்ரிக் கிதார், டிரம்ஸ். ராயபுரத்து இசைவாணி கோட்டு சூட்டில் வந்து கானா பாடியதைப் பார்த்து எங்கள் தெருப் பெண்கள் எத்தனை பேர் வாயைத் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியும். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

தம்பி வியாசர்பாடி. அந்தக் கச்சேரிக்கு ஸ்கூல் பையனாக அண்ணன் சைக்கிளில் போனானாம். இப்போது சாவுக் கானாவுக்கு ராத்திரி முழுக்கப் பாடுகிறான். ராக் என்றால் என்ன நினைக்கிறே என்று கேட்டேன். "தொண்டை கிழியக் கத்துவாங்க. ஆனா ஒரு மணி நேரத்துல முடிச்சிக்கினு போயிடுவாங்க இல்லக்கா? நமக்கு விடியற வரைக்கும் வேல." நான் சிரித்த சிரிப்பில் ஒலி மீட்டர் சிவப்புக்குப் போனது.

விடியற வரைக்கும் தொண்டை எப்படித் தாங்குகிறது? மூன்றாவது அடியைக் கூட இருக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவானாம். அவர்கள் கோரஸ் எடுக்கிற நேரத்தில் இவன் எச்சில் விழுங்கி, அடுத்த அடியை யோசித்துக்கொள்வான். ஐஸ் தண்ணி கிடையாது. ரெண்டு மணிக்கு மேல் குரல் இறங்கிவிடும், அதற்குத் தோதாக மெட்டையும் இறக்கிக்கொள்வான்.

என் பெயர் விதியைச் சொன்னதும், "அது நம்ம ஏரியால எப்பவும் உள்ளதுதான?" என்றான். உண்மைதான். செத்தவர் பெயர், பிள்ளைகள் பெயர், தெரு, டோலக் அடிக்கிற நண்பன், சாமியானா போட்ட அண்ணன், எல்லாம் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். நான் ஏதோ புதிதாகச் சட்டம் போட்ட மாதிரி அலட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடிகாலை நாலு மணிக்கே தெருவில் பிள்ளைகள் போகி மேளம். ரெக்கார்டிங்கைக் காலை பத்துக்கு வைத்தது நல்லதாகப் போயிற்று.

முதல் தடவை மூன்று பேரும் ஒரே அறையில். அங்கிள், கானா தம்பி, சட்டி வாசிக்கும் அவன் நண்பன். அங்கிள் பேஸை ஆம்பில் சொருகினார். தம்பி பாட ஆரம்பித்தான். சட்டி தொப்தொப் என்றது. பனியில் தோல் நமத்துவிட்டது. நண்பன் ஒன்றும் பேசாமல் எழுந்து கீழே போனான். எட்டிப் பார்த்தேன். தெருவில் மிச்சமிருந்த போகி நெருப்பில், அணைந்துகொண்டிருந்த பாய்த் துண்டுக்கு மேலே, தோலை ஒரு முழ உயரத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே குச்சியால் ஒரு தட்டு, காதைக் கிட்டே கொண்டுபோய் ஒரு கவனிப்பு, மறுபடி சூடு. மேலே வந்து அடித்தபோது அறையே டங்கென்றது. ஒரு முட்டை அட்டை கழன்று விழுந்தது.

இப்போது வேறு தகராறு. காய்ச்சிய சட்டியின் சுருதி நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவில் நிற்கிறது. தம்பி அதோடு போய்விட்டான், பேஸ் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. கொஞ்சம் ஆறட்டும், தானா எறங்கும் என்றான் நண்பன். அங்கிள் கையைக் காட்டினார். "அடி மேன்." அவன் அடிக்க அடிக்க, நாலு கம்பியின் முடுக்கையும் மயிரிழையாகத் திருகி, பேஸைச் சட்டிக்குக் கொண்டுவந்தார். மெஷினில் பார்த்தால் எந்த ஸ்வரத்திலும் சேராது. காதில் கேட்டால் அப்படி ஒரு கனம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தோல் இறங்க, அவரும் கூடவே இறக்கிக்கொண்டே வந்தார். ஐம்பது பேர் ஹாலில் கற்றது இதுதான் போல. பாட்டை நிறுத்தவில்லை, யாரையும் குறை சொல்லவில்லை, எங்கே போகிறார்களோ அங்கே போய் நின்றுகொள்கிறார்.

கடைசிச் சரணத்தில் தம்பி, சொல்லாமல் கொள்ளாமல்:

பெரம்பூரு டேசனாண்ட பேஸு தட்டும் அங்கிளு
ஊடு பூரா கிதாரு, ஆளு மட்டும் சிங்கிளு

அங்கிள் வாசிப்பதை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்து, சத்தம் அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "சிங்கிள் இல்ல மேன், விடோயர்" என்றார். தம்பிக்கு முகம் செத்துவிட்டது. அங்கிளே தட்டிக்கொடுத்து, "வெச்சுக்கோ, ரைமிங் நல்லாருக்கு" என்றார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஸ்பெஷல் ஒலிபரப்பானது. மற்றவர்கள் பெயரை நான் சொன்னேன், அங்கிளைத் தம்பியே சொல்லிவிட்டான். பெர்த்தில் இருக்கும் அவருடைய தங்கைக்கு லிங்க் போயிருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

எம்.ஜி.ஆர். பிறந்தநாள். கொருக்குப்பேட்டையில் ஒரு மேடையில் தொப்பி, கண்ணாடி, சட்டைக்குள் பஞ்சு வைத்த தோள் என்று ஆடிக்கொண்டிருந்தவரை மேடைக்குப் பின்னாடி பிடித்தேன். வருஷத்தில் இந்த ஒரு வாரம் தலைக்கு மேல் வேலையாம். தொப்பியைக் கழற்றாமலே பேசினார். கழற்றினால் வழுக்கை தெரியும், பிள்ளைகள் பார்க்கும் என்றார். ராக் பிடிக்குமா என்றதற்கு, "வாத்யாரே அந்தக் காலத்துல கிதாரப் புடிச்சி ஆடல?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குள் அவர் பாட்டு வந்துவிட்டது. இரண்டே நிமிஷப் பேட்டி. ஒலியும் மோசம், பின்னாடி ஜெனரேட்டர். போடப்போவதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

நேற்று நந்தனம் ஒய்எம்சிஏவில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் கச்சேரி. நான் போகவில்லை, டிக்கெட் விலை அப்படி. பக்கத்துத் தெருப் பையன் போனான், பாட்டுக் கேட்க இல்லை, மேடை லோடு வேலைக்கு. இரும்புப் பைப், கேபிள் டிரம், ஸ்பீக்கர் பெட்டி. இன்று மத்தியானம் தோளெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து கதை சொன்னான்.

"பெரும்பாலும் ஒரே ஆளுக்கா. கிதாருல தட்டுறாரு, அது அப்படியே திரும்பத் திரும்ப ஓடுது. அது மேல பாடுறாரு, அது மேல இன்னொண்ணு. கால்ல ஏதோ பெடல் வெச்சிருக்காரு." லூப் பெடல். பக்கவாத்தியத்தைக் காலாலேயே உண்டாக்கிக்கொள்கிற மனுஷன், என் விதிப்படி ஒரு பெயர் சொன்னால் முடிந்தது. நடுவில் ரகுமான் வந்து ஊர்வசி பாட்டை ஷீரனுடைய பாட்டோடு கோத்தபோது லோடு பசங்க எல்லோரும் பைப்பைக் கீழே வைத்துவிட்டார்களாம். மேஸ்திரியும் திட்டவில்லையாம், அவரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த மேடையைப் பிரித்து லாரியில் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, எது முதலில் இறங்கும், எந்தப் பெட்டியைச் சாய்க்கவே கூடாது என்று வரிசையாகச் சொன்னான். சனிக்கிழமை ஷோவுக்கு வருகிறாயா என்றேன். வேறு லோடு எதுவும் வராவிட்டால் வருகிறானாம். கூட வேலை செய்த பசங்க பெயரை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ரெண்டு பேர் பெயர் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றான்.