0462 எப்படி 306 ஆனது?

பாளையங்கோட்டையில் எங்களுடையது சின்ன டீம். கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். அல்வாக் கடை, பாத்திரக் கடை, ஹார்டுவேர்ஸ் என்று திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கமெல்லாம் வாடிக்கையாளர்கள். புரோகிராம் ஒன்றுதான். ஊருக்கு ஊர் மாறுவது பில்லின் தலைப்பில் வரும் முகவரி, போன் நம்பர், சர்வர் முகவரி, பேமென்ட் கீ, அவ்வளவே. இந்த நாலுக்காக கிட்லேப் பைப்லைன் ஃபைலில் (புரோகிராமைத் தயார் செய்து சர்வரில் ஏற்றும் வேலைகளைத் தானாக ஓட்டச் சொல்லும் ஃபைல்) ஊருக்கொரு ஜாப்பை, அதாவது வேலைப் பகுதியை, அப்படியே காப்பி எடுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். அதை எழுதியவர் வேலை மாறி சென்னைக்குப் போய்விட்டார்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எங்கள் பில்லில் மட்டும் செங்கோட்டையும் கடையநல்லூரும் ரொம்ப நாளைக்குத் திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தன. அந்தப் பெயர் எத்தனை இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. செங்கோட்டைக் கடைக்கார அண்ணாச்சி போனில் கூப்பிட்டு, "எங்கள இன்னும் விடமாட்டீகளா தம்பி?" என்று கேட்ட பிறகுதான், எல்லாவற்றையும் வேரியபிளாக, அதாவது ஒரு பெயர் வைத்து மதிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளும்படியாக, மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது.

தொடக்கம் சுகமாகத்தான் இருந்தது. பொதுவான ஸ்கிரிப்டை ஒரே டெம்ப்ளேட் ஜாப்பில் வைத்து, மற்ற ஜாப்புகள் அதை எக்ஸ்டெண்ட் செய்யும்படி எழுதினோம். ஒவ்வொரு ஊர் ஜாப்புக்குள்ளும் அந்த ஊருக்கான வேரியபிள்கள் மட்டும். பைப்லைன் முழுக்கப் பச்சை, எல்லா ஜாப்பும் பாஸ். சோதனைக்கு ஒரு பில்லை பிரிண்ட் எடுத்துப் பார்த்தால், திருநெல்வேலிக் கடையின் எஸ்டிடி கோடு 306 என்று நிற்கிறது.

"ஏல, 306 எந்த ஊரு கோடு?"

"நா ஒண்ணுந் தொடலண்ணே. ஃபைல்ல 0462ன்னு சரியாத்தான் இருக்கு."

டீமில் என்னோடு வேலை செய்யும் தம்பி சொன்னது உண்மை. தென்காசியின் 04633-ம் 2459 ஆகியிருந்தது. திருச்செந்தூரின் 04639 மட்டும் அப்படியே வந்தது, அதுதான் எங்களை அதிகம் குழப்பியது. பைப்லைன் ஃபைலை எழுதும் யாமல் வடிவத்தில் மேற்கோள் குறி இல்லாமல் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடிமான எண்ணாகப் படிக்கும் பழக்கம் உண்டு. நாலு அறுபத்துநாலு 256, ஆறு எட்டு 48, அதோடு 2: மொத்தம் 306. திருச்செந்தூர்க் கோடில் 9 இருக்கிறது. எட்டின் அடிமானத்தில் 9 என்ற இலக்கமே கிடையாது, ஆகவே அது எழுத்தாகவே தப்பித்துவிட்டது. பைதான் வெர்ஷன் 3.10 என்று சும்மா எழுதினால் 3.1 ஆகிவிடுவதும் இதே வகைதான். அன்றிலிருந்து எண்ணோ எழுத்தோ, எங்கள் ஃபைலில் மேற்கோள் குறி இல்லாமல் ஒரு மதிப்பும் கிடையாது.

அடுத்து சர்வர் முகவரி. ஃபைலில் மாற்றுகிறோம், பைப்லைனோ பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருக்கிறது. கிட்லேபில் ஒரே பெயருக்கு இரண்டு மதிப்பு இருந்தால் யார் ஜெயிப்பது என்பதற்கு வரிசை உண்டு. கையால் பைப்லைனை ஓட்டும்போது கொடுப்பதே எல்லாவற்றுக்கும் மேல். அடுத்து புராஜெக்ட் செட்டிங்ஸ், பிறகு குரூப் செட்டிங்ஸ். ஃபைலுக்குள் ஜாப்பில் எழுதியது அதற்கெல்லாம் கீழே, ஃபைலின் தலைப்பில் எழுதியது அதற்கும் கீழே. செட்டிங்ஸில் எப்போதோ யாரோ அதே பெயரில் போட்ட பழைய முகவரி உட்கார்ந்திருந்தது. ரகசியம் மட்டும் செட்டிங்ஸில், மற்றதெல்லாம் ஃபைலில், ஒரே பெயர் இரண்டு இடத்தில் கூடவே கூடாது என்று முடிவு செய்தோம்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்தியது, செட்டிங்ஸில் வேரியபிளுக்குப் போடும் புரொடெக்டெட் என்கிற டிக். அது போட்ட வேரியபிள், புரொடெக்டெட் என்று குறித்த பிராஞ்சிலும் (புரோகிராமின் தனிக் கிளை) டேகிலும் (ஒரு வெர்ஷனுக்கு வைக்கும் பெயர்) ஓடும் பைப்லைனுக்கு மட்டும் கிடைக்கும். தம்பி தன் பிராஞ்சில் ஓட்டினால் அந்த வேரியபிளே இருக்காது, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லும் அதை காலியாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் மேலே போகும். சர்வரில் ஏற்றும் எங்கள் டிப்ளாய் ஸ்கிரிப்டில், வேரியபிளில் உள்ள ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்வுக்கோடும் நட்சத்திரமும் போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழிக்கும் ஒரு வரி இருந்தது. பெயர் காலியானால் மிச்சம் சாய்வுக்கோடும் நட்சத்திரமும்தான், அதாவது மெஷினின் வேரிலிருந்தே அழிப்பு! கிட்லேப் இலவசத் திட்டத்தில் அவர்கள் மெஷினில் மாதம் 400 நிமிடம்தான் ஓட்டலாம் என்பதால், ஆபீஸ் மூலையில் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பைத்தான் ரன்னராக, அதாவது ஜாப்புகளை ஓட்டும் மெஷினாக, வைத்திருக்கிறோம். கன்டெய்னர் என்ற தனித் தடுப்புகூட இல்லாமல் நேரே ஷெல்லில் ஓடுகிறது. அந்த வரி கண்ணில் பட்டதும் ஸ்கிரிப்டின் முதல் வரியாக 'செட் -யூ' சேர்த்தோம். வேரியபிள் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ஆனால் வேரியபிள் இருந்து மதிப்பு மட்டும் காலி என்றால் அது கண்டுகொள்ளாது. அதற்கு வேரியபிள் பெயரை ஒட்டி முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு எழுத வேண்டும்.

லாகில் மதிப்பை மறைக்கும் மாஸ்க்டு டிக்கை ரொம்ப நம்ப வேண்டாம். ஒரே வரியில், எட்டு எழுத்தாவது இருந்தால்தான் ஏற்கும். ஆறு இலக்க பின் நம்பரை அதனால் மறைக்க முடியாது. சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கீ பல வரி என்பதால் ஃபைல் வகை வேரியபிளாகப் போட வேண்டும். அப்போது வேரியபிளில் கிடைப்பது கீ இருக்கும் ஃபைலின் பாதை, கீ அல்ல. கீயின் கடைசி வரிக்குப் பிறகு ஒரு என்டர் தட்டாவிட்டால் எஸ்எஸ்எச் வாங்காது.

"பில்ட்ல எக்ஸ்போர்ட் பண்ணுதேன், டிப்ளாய்ல காலியா வருதுண்ணே" என்றான் தம்பி ஒருநாள். ஒவ்வொரு ஜாப்பும் தனி ஷெல், ஒன்றில் எக்ஸ்போர்ட் செய்தது அடுத்ததற்குப் போகாது. பில்ட் எண்ணை ஒரு ஃபைலில் பெயர், சமக்குறி, மதிப்பு என்று எழுதி, ஜாப் விட்டுச்செல்லும் ஃபைலான ஆர்டிஃபேக்ட்டில் டாட்என்வ் ரிப்போர்ட்டாகக் கொடுத்தால் அடுத்த ஸ்டேஜ் எடுத்துக்கொள்ளும். ஆனால் எந்த ஜாப் ஓட வேண்டும் என்று சொல்லும் ரூல்ஸ் பகுதியில் அதை வைத்து நிபந்தனை எழுத முடியாது. எந்த ஜாப்பும் ஓடுவதற்கு முன்பே, பைப்லைன் உருவாகும்போதே ரூல்ஸ் படிக்கப்பட்டு முடிந்துவிடும்.

பேமென்ட் கீ எல்லா ஊருக்கும் ஒரே பெயர்தான். செட்டிங்ஸில் என்விரான்மென்ட் ஸ்கோப் (எந்த ஊர் ஜாப்புக்கு எந்த மதிப்பு என்ற எல்லை) கொடுத்து ஊருக்கொரு மதிப்பு வைத்தாயிற்று. இதுவரை அவை ஃபைலிலேயே பச்சையாகக் கிடந்தன. இப்போது அழித்தாலும் பழைய கமிட்டுகளில், அதாவது சேமித்து வைத்த பழைய பதிப்புகளில், இருக்கத்தானே செய்யும்? ஆகவே எல்லாக் கடைக்கும் கீயைப் புதிதாக வாங்கிப் பழையதை ரத்து செய்துவருகிறோம். ஓடிபி கடைக்காரர் போனுக்குத்தான் வரும் என்பதால் இழுக்கிறது. இன்னும் பாக்கி ஒரே ஒரு கடை. அந்த அண்ணாச்சி சாரலுக்கு குடும்பத்தோடு குற்றாலத்தில் இருக்கிறார், திங்கள்கிழமை கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.