கதவுப் பள்ளத்தில் கிடக்கும் ஊர்

உயரமான கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டால் மோட்டாரில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கோளாறு கதவில்தான் இருக்கும். கதவு ஓடும் பள்ளத்தில் சின்னக் கல் ஒன்று மாட்டினாலும் கதவு முழுசாக மூடாது. மூடாத கதவோடு லிஃப்ட் நகராது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அந்தப் பள்ளங்களைச் சுத்தம் செய்வது என் வேலையில் ஒரு பகுதி. அரிசி கிடக்கும். சீனப் புத்தாண்டு முடிந்தால் தர்ப்பூசணி விதைத் தோல், தீபாவளிக்குப் பிறகு கோலமாவு. எந்த மாடியில் எப்படிப்பட்ட குடும்பம் என்று பிரஷ் போடும்போதே தெரிந்துவிடும்.

இங்கே 2009இல் கட்டி முடித்த பினக்கிள் அட் டக்ஸ்டன், 50 மாடியில் ஏழு புளோக், 1,848 வீடுகள். ஏழையும் 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் வான்பாலங்கள் இணைக்கின்றன. சுற்றிலும் ஓட்டுக்கூரைக் கடைவீடுகள். அவ்வளவு உயரம் பழைய பேட்டையின் முகத்தையே கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைவீடுகளைப் பாருங்கள். 1989இல் பழைமைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததால் சுவரும் சன்னலும் பிழைத்தன, அது பெரிய காரியம்தான். ஆனால் உள்ளே இப்போது பார், ஓட்டல், அலுவலகம். மாடிச் சன்னலில் துணி காய்வது அபூர்வம். குடியிருப்பவர்கள் இல்லாத தெருவைப் பழைய ஊர் என்று எப்படிச் சொல்வது? பினக்கிள் நிற்கும் இடத்தில் 1960களில் எழும்பியவையும் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய புளோக்குகள்தான். சாதாரணக் குடும்பங்கள் இருந்த இடத்தில் மறுபடியும் சாதாரணக் குடும்பங்கள் வந்தன. வசதியானவர்களுக்கான தனியார் கொண்டோ அடுக்குமாடி ஆகியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன்.

ஒருநாள் லிஃப்டுக்குக் காத்திருந்த பெரியவர் ஒருவர், அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்றார். "அப்போ மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் தம்பி. இப்போ காலு வலிக்குது, ஆனா கோயிலுக்கு நானே போயிட்டு வந்துர்றேன்." அவர் சொன்னது கியோங் சாய்க் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயில். தைப்பூசத்துக்கு முந்தின நாள் டேங்க் ரோடு கோயில் முருகன் வெள்ளித்தேரில் அண்ணனைப் பார்க்க அங்கேதான் வருவார்.

அன்றைக்கு லிஃப்டை நிறுத்தும் பராமரிப்பு எதையும் வைக்க வேண்டாம் என்று மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வேன். பெரியவர்கள் தட்டும் தேங்காயுமாக இறங்கி வருவார்கள்.