அப்பால இன்னாச்சு?

பசங்களுக்கு வாசிக்க உதவணும்னு ஆசை இருக்குற நெறைய பேர் என்கிட்ட சொல்ற ஒரே சாக்கு, "எனக்கு சொல்லிக்குடுக்க வராதுங்க". சரி, அவங்களுக்காகவே இத எழுதறேன். சென்னைல எங்க அயனாவரத்துல ஒரு பையன வாசிக்க வெச்சது யாருன்னு கேட்டீங்கன்னா அவன் ஸ்கூலும் இல்ல, நானும் இல்ல, தன் பேர மட்டும் எழுதத் தெரிஞ்ச ஒரு டைலர் அக்கா. அத அப்புறம் சொல்றேன், அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்கதை.

2020 மார்ச்ல கொரோனான்னு ஸ்கூல மூடினாங்கல்ல, ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு திரும்ப தொறந்தது 2021 நவம்பர் 1தான். அதாவது 2020ல ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்த ஒரு பிள்ளை, பெஞ்சுல மொத மொத உக்காந்தப்பவே ரெண்டாங்கிளாஸ்! அ ஆ இ ஈ படிக்க வேண்டிய வருஷம் அப்படியே காணாம போச்சு. வீட்ல ரெண்டு போன் இருந்த பசங்க ஏதோ சமாளிச்சுதுங்க. ஒரே போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துட்டு போயிடுவாருன்னா கல்வி டிவி பாத்ததோட சரி. அந்த சமயத்துலதான் கவர்மெண்ட் இல்லம் தேடிக் கல்வின்னு ஆரம்பிச்சாங்க, சாயங்காலத்துல தெருவுல இருக்குற பசங்கள சேத்து வெச்சு சொல்லிக்குடுக்க வாலண்டியருங்க, மாசம் 1000 ரூபா ஊக்கத்தொகை. நானும் பேர் குடுத்தேன். எங்க வீட்டு மொட்டைமாடில வாட்டர் டேங்க் நிழல்ல பாய் விரிச்சு ஆரம்பிச்சது, இப்போ அந்த திட்டத்துல நான் இல்லேன்னாலும் பசங்க வர்றது நிக்கல, சனி ஞாயிறு ஆனா வந்துடுங்க. பாடம் கிடையாது, ஹோம்வொர்க் கிடையாது, கதை புக்கு மட்டும்தான்.

அங்க உக்காந்து பாத்தாதான் தெரியும், தமிழ் நம்ம தாய்மொழி, பேசத்தான் தெரியுமே, படிக்கறதுல என்ன கஷ்டம்னு நாம நெனக்கிறது எவ்ளோ தப்புன்னு. க கா கி கீ கு கூன்னு ராகமா ஒப்பிக்கும், அட்சரம் பிசகாது. நடுவுல விரல வெச்சு "இது என்னடா?"ன்னு கேட்டா மறுபடியும் க-விலேர்ந்து பாட ஆரம்பிச்சு அந்த எடத்துக்கு வந்துதான் சொல்லும். 247 எழுத்தையும் பாட்டா மனப்பாடம் பண்ணிருக்கு, கண்ணால பாத்து அடையாளம் தெரியல. இதுல ஒற்றைக்கொம்பு வேற. எழுத்துக்கு முன்னாடி நிக்குது, ஆனா சத்தம் பின்னாடி வரணும். கொ-ன்னா முன்னாடி கொம்பு, பின்னாடி கால், நடுவுல க மாட்டிக்கிட்டு நிக்கும். எடது பக்கத்துலேர்ந்து ஒண்ணொண்ணா படிச்சிட்டு வர்ற பிள்ளைக்கு அது புரியவே ரொம்ப நாள் ஆகும்.

அதவிட பெரிய விஷயம் ஒண்ணு. வீட்ல "அம்மா வந்துனுகீது"ன்னு பேசற பிள்ளைக்கு புக்குல "அம்மா வந்துகொண்டிருக்கிறாள்"னு இருக்கு. எழுத்துக் கூட்டி வ..ந்..து..கொ..ண்..டின்னு ஏறி கடைசி எழுத்துக்கு போய் சேரும்போது மொத எழுத்து மறந்து போயிருக்கும், அப்படியே சேத்து படிச்சாலும் அந்த வார்த்தைய அது வீட்ல எங்கயும் காதால கேட்டதே இல்ல. கிட்டத்தட்ட ரெண்டாவது பாஷை. அதனாலதான் பசங்க கைல புக்க குடுக்கறதுக்கு முன்னாடி நாம படிச்சுக் காட்டணும்னு நான் அடிச்சு சொல்லுவேன். எழுத்துத் தமிழ் காதுல விழுந்து விழுந்து பழகினாதான் கண்ணுக்கு அது பிடிபடும். செய்தி வாசிக்கிற மாதிரி இல்லாம, சிங்கத்துக்கு சிங்கம் குரல், எலிக்கு எலி குரல். மாடிவீட்டு மாமி என்ன நெனப்பாங்களோன்னு கூச்சமாத்தான் இருக்கும். அந்த மாமி இப்போ துணி காயப்போடற சாக்குல நின்னு கேக்கறாங்க, அது வேற கதை.

இப்போ அந்த பையன். நாலாங்கிளாஸ் வந்தும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். கிளாஸ்ல வரிசையா வாசிக்க சொன்னா தன் முறை வர்றதுக்கு ரெண்டு பேர் முன்னாடி ஒண்ணுக்கு வருதுன்னு எழுந்து போயிடுவானாம், இத அவனே சிரிச்சுகிட்டே சொன்னான், எனக்கு சிரிப்பு வரல. மொட்டைமாடிக்கு வருவான், புக்க எடுப்பான், படம் பாப்பான், வாய தொறக்க மாட்டான். அவங்கம்மா மவுண்ட் ரோட்ல ஒரு ஆபீஸ்ல ஹவுஸ்கீப்பிங், வீடு திரும்ப எட்டு மணி ஆயிடும். அதுவரைக்கும் அவன் உக்காந்திருக்கிறது தெருமுனை டைலர் அக்கா கடைலதான். கடைன்னா ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், தொங்குற பிளவுஸுங்க, அவ்ளோதான். அந்த அக்கா இதுக்கு காசு கீசு வாங்கறதில்ல, பத்தாததுக்கு சாயங்காலம் ஒரு டீயும் பன்னும் வேற வாங்கித் தருவாங்க. "தனியா வுட்டா ரோட்ல சுத்தும்மா, இங்க குந்தினுக்கட்டும்"னுவாங்க.

ஒரு நாள் அவன் கைல நாங்க குடுத்தனுப்பின கதை புக்கு இருந்திருக்கு. அக்கா ஃபால்ஸ் அடிச்சுகிட்டே "சும்மாத்தானடா குந்தினுக்கிற, அத்த படி, நானும் கேக்கறேன்"னு சொல்லிருக்காங்க. அவனுக்கு கொஞ்ச நேரத்துலயே ஒரு விஷயம் புரிஞ்சு போச்சு, இந்த அக்காவுக்கு படிக்கத் தெரியாது, அதனால நாம தப்பா படிச்சாலும் மாட்டிக்க மாட்டோம்! பையன் தைரியமா ஆரம்பிச்சிட்டான். திக்கித் திக்கித்தான். மெஷின் சத்தத்துல பாதி கேக்காது, அக்கா நிறுத்திட்டு "அப்பால இன்னாச்சு?"ம்பாங்க. அவங்களுக்கு நெஜமாவே தெரியணும், கதை பாதில நிக்குதுல்ல.

ஒரு தடவ நானே பிளவுஸ் குடுக்கப் போனப்போ பாத்தேன். பையன் "பானை மரத்தில் ஏறியது"ன்னு படிச்சான். அக்கா கத்தரிய கீழ வெச்சிட்டு "டேய் கண்ணு, பானை எப்டிடா மரத்துல ஏறும்?"னாங்க. நெஜமான சந்தேகம் அது, கிண்டல் இல்ல. அவன் புக்க கண்ணுக்கிட்ட கொண்டுபோய் மொறச்சு மொறச்சு பாத்துட்டு "ஐயே, பூனைக்கா! பூனை!"ன்னு கத்தினான். நானா இருந்தா ப போட்ட ஒடனே "பா இல்லடா, பூ"ன்னு திருத்திருப்பேன், டீச்சரும் திருத்திருப்பாங்க, அவனும் சரின்னு அடுத்த வரிக்கு போயிருப்பான். திருத்தத் தெரியாத ஒருத்தர் அர்த்தம் கேட்டதால அவனே திரும்பிப் போய் தேடிக் கண்டுபிடிச்சான். படிக்கிறது புரியலேன்னா நின்னு திரும்பிப் பாக்கற அந்த பழக்கம்தான் வாசிப்பே, மத்ததெல்லாம் வெறும் எழுத்துக்கூட்டல். அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் இதையே யோசிச்சிட்டு இருந்தேன், பிளவுஸ் அளவு சொல்லாமலே வந்துட்டது அடுத்த நாள்தான் ஞாபகம் வந்துச்சு.

அதுலேர்ந்து மாடில நாங்களும் அப்படித்தான். பெரியவங்க யாராவது பக்கத்துல உக்காரணும், அவசரப்படாம காத்திருக்கணும், பிள்ளை ரொம்ப முழிச்சா மட்டும் அந்த வார்த்தைய மெதுவா சொல்லிட்டு மேல போயிடணும். ஒரே புக்க நூறு தடவ கேட்டா நூறு தடவையும் சரின்னுடணும், போர் அடிக்கிறது நமக்குத்தான், அதுக்கு இல்ல. மூணாங்கிளாஸ் பையனுக்கு ஒண்ணாங்கிளாஸ் புக்கு புடிச்சா "இது சின்ன பசங்களுது"ன்னு புடுங்கக் கூடாது. ஸ்கூல்கல்வித் துறையோட வாசிப்பு இயக்கம் 2023ல வந்துச்சுல்ல, அந்த குட்டி புக்குங்கள நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருப்பாங்க. எனக்கு அது ரொம்ப புடிச்சது. கிளாஸ் நம்பர் இல்லாததால எந்தப் பிள்ளைக்கும் அசிங்கமா இருக்காது பாருங்க.

ஆனா ஒண்ணு, எல்லாத்தையும் அன்பாலயே சரி பண்ணிடலாம்னு நான் சொல்லல. எவ்ளோ நாள் பக்கத்துல உக்காந்தாலும் எழுத்தயும் அதோட சத்தத்தயும் சேக்க முடியாம தடுமாறறது, ஒரே வார்த்தைய ஒவ்வொரு வரிலயும் புதுசா படிக்கிறதுன்னு இருந்தா அது சோம்பேறித்தனம் இல்ல, டிஸ்லெக்சியாவா, அதாவது படிக்கறதுல வர்ற ஒரு கற்றல் குறைபாடா இருக்கலாம், பாக்கணும். மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன்னு 90கள்லேர்ந்து நம்ம ஊர்லயே இருக்காங்க. சர்டிஃபிகேட் இருந்தா பப்ளிக் எக்ஸாம்ல எக்ஸ்ட்ரா டைம், எழுதறதுக்கு ஆள்னு சலுகைங்க உண்டு. இது தெரியாம எத்தன பசங்கள மக்குன்னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சாங்களோ.

புக்கு எங்கேர்ந்துன்னு கேப்பீங்க. மொதல்ல பழைய பேப்பர் கடை அண்ணாச்சி. எடைக்கு வர்றதுல கலர் படம் போட்ட புக்கு, கோகுலம், அம்புலிமாமா ஏதாவது தட்டுப்பட்டா தனியா எடுத்து ஒரு கோணிப்பைல போட்டு வெச்சிருப்பாரு. காசு குடுத்தா வாங்க மாட்டாரு, "எடை போட்டுட்டு அப்புறம் பாத்துக்கலாம்"பாரு, அந்த அப்புறம் வரவே வராது. அப்புறம் ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸோட சைட் ஒண்ணு, 2015லேர்ந்து இருக்கு, தமிழ்ல ஏகப்பட்ட படக்கதை, ஃப்ரீயா டவுன்லோட் பண்ணி பிரிண்ட் போட்டுக்கலாம், யாரும் காபிரைட்னு சண்டைக்கு வர மாட்டாங்க. எங்க ஜெராக்ஸ் கடை தம்பி கலர் பிரிண்டுக்கு பிளாக் அண்ட் ஒயிட் ரேட்தான் போடறான், ஏன்டான்னு கேட்டா மிஷின் டெஸ்டிங்ன்றான். எத்தன மாசமா டெஸ்டிங் பண்ணுவான்னு தெரியல.

அப்புறம் லைப்ரரி. இத சொன்னா பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும், நாம கட்டுற சொத்து வரிலயே நூலக வரின்னு தனியா ஒண்ணு உண்டு, வரில நூறுக்கு பத்து ரூபா. 1948ல மெட்ராஸ்ல போட்ட நூலகச் சட்டத்துலேர்ந்து வர்ற ஏற்பாடு அது, அதுக்குப் பின்னாடி இருந்தவரு எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரரு, மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புக்கு, ஒவ்வொரு புக்குக்கும் அதுக்கான வாசகர்னு 1931லயே எழுதி வெச்சிட்டு போயிட்டாரு. காசு குடுத்துட்டுதான் இருக்கோம், போய் யூஸ் பண்ணாம இருக்கறது நாமதான். லீவுல பசங்கள கோட்டூர்புரம் அண்ணா லைப்ரரிக்கு கூட்டிட்டு போவோம், பார்க் டவுன்ல பறக்கும் ரயில் ஏறினா பாதி சந்தோஷம் ரயில்லயே முடிஞ்சுடும். குழந்தைங்க பிரிவுல நடுவுல பெரிய செயற்கை மரம் ஒண்ணு இருக்கும், அத சுத்தி தரையில படுத்துகிட்டு படிக்கலாம், யாரும் எழுப்ப மாட்டாங்க. 2010ல தொறந்து அடுத்த வருஷமே அத ஆஸ்பத்திரியா மாத்தப் போறோம்னு அறிவிச்சாங்க, கோர்ட் தடை போட்டதால பொழச்சுது. அங்க போறப்பல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், பசங்களுக்கு எங்க தெரியப்போகுது, அதுங்க லிஃப்ட்ல மேலயும் கீழயும் போறதுலயே குறியா இருக்கும்.

உதவின்னு வர்ற எல்லாமே உதவி இல்லன்றதையும் சொல்லிடறேன். ஒரு குரூப் வந்தாங்க, பேர் வேணாம், நோட்டும் பேனாவும் கொண்டாந்தாங்க, நல்ல விஷயம். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி "ஏழைக் குழந்தைகளுக்கு"ன்னு போட்ட பேனருக்கு முன்னாடி பசங்கள நிக்க வெச்சு போட்டோ. ஆறாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி நல்லா படிப்பா, பேனர வாய்விட்டு படிச்சா, படிச்சிட்டு "அக்கா எனக்கு நோட்டு வேணாம், எங்கப்பா வாங்கித் தருவாரு"ன்னு கீழ எறங்கி போயிட்டா. நாங்க எல்லாம் சேந்து அவளுக்கு படிக்கக் கத்துக்குடுத்ததுக்கு பலன் இதுன்னு வெச்சுக்கங்களேன்! அவ போனது சரிதான்னுதான் இப்பவும் தோணுது. டைலர் அக்காவோ அண்ணாச்சியோ ஒரு நாளும் தாங்க உதவி பண்றதா நெனச்சதே இல்ல, அதான் பசங்க அவங்ககிட்ட ஒட்டிக்குது.

பையன் இப்போ ஆறாவது. பெரிய கதையெல்லாம் படிக்கிறான், பேய்க்கதைதான் வேணுமாம். டைலர் கடைல இப்போ அவன் மட்டும் இல்ல, இன்னும் ரெண்டு வாண்டுங்க சேந்துடுச்சு, அக்கா ஸ்டூல் பத்தலன்னு பெஞ்சு ஒண்ணு பழைய சாமான் கடைல வாங்கிப் போட்டிருக்காங்க.

உங்க வீட்ல பசங்க வளந்தப்புறம் சும்மா கெடக்கிற தமிழ் கதை புக்கு இருந்தா அனுப்புங்க, கமெண்ட்ல சொன்னா அட்ரஸ் தர்றேன். எழுத்து பெருசா, படம் நெறையா, ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி இருந்தா ரொம்ப நல்லது. பக்கம் கிழிஞ்சிருந்தா பரவால்ல, ஒட்டிக்குவோம். தயவுசெஞ்சு என்ட்ரன்ஸ் கைடு, பழைய இன்கம் டாக்ஸ் புக்கு, கல்யாண ஆல்பம் (ஆமாங்க, வந்துச்சு) மட்டும் அனுப்பாதீங்க. போன தடவ ஒரு பெட்டி முழுக்க கைடா வந்து, அண்ணாச்சிகிட்ட எடைக்கு போட்டு, அந்த காசுக்கு ஜனவரில நந்தனம் புக் ஃபேர்ல பசங்களையே செலக்ட் பண்ண விட்டோம். பேய்க்கதை ஆறு, டைனோசர் ரெண்டு, சமையல் புக்கு ஒண்ணு. சமையல் புக்கு யாருக்குன்னு கேட்டா டைலர் அக்காவுக்காம், அவங்களுக்கு பிரியாணி செய்யறது எப்படின்னு படிச்சு சொல்லப்போறாங்களாம்.