பேர்கன் மழையும் பைபர்கிளாஸ் படகும்

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கனில் வேலையும் வீடும் அமைந்த பிறகு, 1970களில் வார்க்கப்பட்ட பைபர்கிளாஸ் படகொன்றை மலிவாக வாங்கி, வீட்டின் பின்புறம் கூடாரம் கட்டிச் செப்பனிட்டு வருகிறேன். யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்தவனுக்கு இந்த வேலை அந்நியமானதன்று. நோர்வேயின் உதவியோடு 1960களின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனம் எங்கள் ஊரில்தான் பைபர்கிளாஸ் படகுகளைக் கட்டியது. ஆனால் ஊர் வெயிலில் விரைவாக இறுகிவிடும் பொலியெஸ்டர் ரெசின் (கண்ணாடியிழைத் துணியைப் பிணைக்கும் பிசின்), வெப்பம் 15 பாகைக்குக் கீழே போனால் இங்கே மிகவும் மெதுவாகவே இறுகுகிறது.

படகின் அடிப்புறமெங்கும் அம்மை போட்டதுபோலக் கொப்புளங்கள். ஒன்றை ஊசியால் குத்தியபோது, வினாகிரி மணக்கும் பிசுபிசுப்பான நீர் கசிந்தது. மேற்பூச்சான ஜெல்கோட்டை ஊடுருவும் கடல்நீர், உள்ளே எஞ்சியிருக்கும் வேதிப்பொருட்களைக் கரைத்து அடர்த்தியான கரைசலாகிறது. அக்கரைசல் மேலும் நீரை உள்ளே இழுக்க, அழுத்தம் கூடிக் கொப்புளம் எழுகிறது. எனவே உள்ளீரம் போகுமுன் மேலே எதைப் பூசினாலும் வீண். எஞ்சின் பொருத்தும் பின்சுவரைச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இடத்தில் கணீரென்ற ஒலி, மற்ற இடத்தில் மந்தமான ஒலி. வெட்டிப் பார்த்தால், உள்ளிருந்த பிளைவுட் உக்கிக் கையோடு வந்தது.

"முதலில் காயவிடு, அவசரப்படாதே" என்று சொல்லி, ஈரமானியையும் ஈரமகற்றும் இயந்திரத்தையும் இரவல் தந்தவர், ஓய்வுபெற்ற மீனவரான பக்கத்து வீட்டுக்காரர். என் தகப்பனார் வயதுடையவரை இந்நாட்டு வழக்கப்படி பெயர் சொல்லி அழைக்க எனக்கு இன்னும் நாக்கூசுகிறது. வருடத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் மழை பெய்யும் ஊரில் ஒரு படகைக் காயவைப்பதற்கே குளிர்காலம் முழுவதும் கழிந்தது.

ஒட்டு வேலைக்கு விலை கூடுதலானாலும் எபொக்சி என்ற வேறு வகைப் பிசினையே தெரிந்தெடுத்தேன். ஏற்கெனவே இறுகிவிட்ட பழைய பொலியெஸ்டரை அது புதிய பொலியெஸ்டரைவிட உறுதியாகப் பற்றும். 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள சுவரை, வெட்டிய ஓட்டையின் விளிம்பிலிருந்து 60 மில்லிமீற்றர் வரை சரிவாகத் தேய்த்தால்தான் புதுக் கண்ணாடியிழைத் துணி பழைய சுவரோடு ஒன்றாகும். இறுகிய எபொக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவாமல் அடுத்த அடுக்கை வைக்கக் கூடாது. தேய்க்கும்போது எழும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகக்கவசமும் தூசு உறிஞ்சியும் இல்லாமல் கூடாரத்துக்குள் எவரையும் விடுவதில்லை. பிள்ளைகள் வெளியே நின்றுதான் பார்ப்பார்கள்.

புதிய பின்சுவர் இப்போது எங்கே தட்டினாலும் ஒரே ஒலியைத் தருகிறது. கோடையில் அடிப்புறத்துக்குப் பாசி பிடிக்காத வண்ணம் பூச வேண்டும். எஞ்சின் வாங்குவது அதன் பிறகுதான்.