கட்டைவிரலுக்கு வேலை வந்தபோது: பேஸ் கிட்டாரோடு 14 மாதங்கள்

ஆறு தந்திக் கிட்டாரை நான்கு ஆண்டுகள் பிக் என்ற சிறு சில்லைக் கொண்டு வாசித்துப் பழகிய கைக்கு, நான்கே தந்திகள் (தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி) கொண்ட பேஸ் கிட்டார் ஒரு பொருட்டாக இருக்காது என்றுதான் நினைத்தேன். எங்கள் சிறு குழுவில் பேஸ் வாசித்தவர் விலகியதும் அந்த இடத்தை நானே பார்த்துக்கொள்வதாக முன்வந்ததற்கும் அந்த நினைப்பே காரணம். 34 அங்குல நீளத்துக்கு இழுத்துக் கட்டிய ஈ தந்தியை முதல் நாள் விரலால் மீட்டியபோதே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது. விரல் வாசிப்பு ஓரளவு கைக்கு வர ஐந்து மாதங்களும், கட்டைவிரலால் தந்தியை அடித்து வாசிக்கும் ஸ்லாப் முறை பிறர் காது கொடுத்துக் கேட்கும் அளவுக்குத் தேற மேலும் ஒன்பது மாதங்களும் ஆயின. அந்தக் காலத்தின் பெரும்பகுதி, வேண்டாத ஒலியை அடக்கக் கற்றதிலேயே போயிற்று.

விரல் வாசிப்பின் அடிப்படை எளியது. தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்புக்கு அனுப்பும் பிக்கப்பின் மேல் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறித் தந்தியை மீட்ட வேண்டும். மீட்டிய விரல் காற்றில் எழும்பாமல் அடுத்த தடித்த தந்தியின் மேல் போய்ச் சாய வேண்டும். எனக்கோ பழைய பழக்கத்தால் விரல் தந்தியைக் கொக்கி போட்டு மேலே இழுத்தது. ஒலி மெலிந்து, ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு கனத்தில் விழுந்தது. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 துடிப்பில் வைத்து, திறந்த ஏ தந்தியை மட்டும் நாள்தோறும் கால் மணி நேரம் மீட்டிப் பதிவு செய்து கேட்டபோது, நடுவிரல் விழும் அடிகள் எல்லாம் ஆள்காட்டியின் அடிகளைவிடச் சற்று ஓங்கியிருப்பது புலப்பட்டது. வாசிக்கும்போது என் காதுக்கு எட்டாத அந்த வேறுபாட்டைப் பதிவு மறைக்காமல் காட்டிக் கொடுத்தது. மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றையே கொண்டு மீட்டியவர் என்று அறிந்தபோது, நான் இரண்டு விரல்களோடு படும் பாட்டை நினைத்துச் சிரிப்புத்தான் வந்தது.

அடிகள் சமமான பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. ஜி தந்தியில் ஒரு சுரத்தை மீட்டி நிறுத்திய பிறகும் எங்கிருந்தோ ஓர் உறுமல் நீண்டுகொண்டே இருந்தது. ஆம்பில் கோளாறு என்று எண்ணிக் கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தேன். உறுமியது நான் தொடவே தொடாத தந்திதான். ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டையில்) பிறக்கும் சுரம் 110 ஹெர்ட்ஸ். திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதிலேயே கலந்து ஒலிக்கும் இருமடங்கு மேற்சுரம் சரியாக 110 ஆக அமைவதால், ஒன்றை மீட்டினால் மற்றொன்று தானாகவே அதிர்கிறது. நான்காம் ஃப்ரெட்டுக்கு வந்தால் இதே வேலையை ஈ தந்தி செய்கிறது. இதற்குத் தீர்வு, மெல்லிய தந்திகளுக்குக் கை இறங்கும்போது கட்டைவிரலையும் பிக்கப்பிலிருந்து இறக்கி, வாசிக்காத தந்திகளின் மேல் படிய விடுவது. ஒரே இடத்தில் ஊன்றி நின்ற கட்டைவிரலை ஊர்ந்து போகப் பழக்குவதற்கு மட்டும் இரண்டு மாதங்கள் பிடித்தன. இதை முதல் வாரத்திலேயே தொடங்கியிருந்தால் பாதி உழைப்பு மிஞ்சியிருக்கும்.

ஸ்லாப்பைத் தொடங்கியபோது நான் செய்த தவறு, அதற்கு வலிமை வேண்டும் என்று கருதியது. கட்டைவிரல் மூட்டின் எலும்புப் பக்கத்தால், ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தில், தந்தியை அடித்து உடனே விலக வேண்டும். தந்தி கடைசி ஃப்ரெட்டுகளின் மேல் மோதித் திரும்புவதுதான் அந்த உலோக ஒலி. நான் தோளிலிருந்து கையை ஓங்கி அடித்தேன். ‘தொப்’ என்ற மந்தமான சத்தம்தான் வந்தது. ஏனென்றால் அடித்த விரல் தந்தியின் மேலேயே தங்கி, தான் எழுப்பிய ஒலியைத் தானே அணைத்துவிட்டது. மூன்றாம் வாரம் மூட்டு கன்றிப்போய், மணிக்கட்டில் வலியும் சேர்ந்துகொள்ள, பத்து நாட்கள் வாத்தியத்தைத் தொடாமல் விட்டேன். அந்த ஓய்வின்போது கண்ணாடி முன் நின்று பார்த்ததில், தோள்பட்டை வாரை மிகவும் தாழ்வாக வைத்திருந்ததால் மணிக்கட்டு கூர்மையாக மடிந்திருந்தது தெரிந்தது. மேடையில் அது கம்பீரமாகத் தோன்றலாம். கைக்கு அது கேடு. வாரை ஒரு சாண் உயர்த்தி, பூட்டில் சாவியைத் திருப்புவதுபோல் முன்கையை மட்டும் திருப்பி அடித்தபோது, முன்பு செலவழித்ததில் கால்பங்கு விசைகூட இல்லாமல் தந்தி கணீரென்று பேசியது.

பாப் எனப்படும் இழுப்பில் வேறு தொல்லை. ஆள்காட்டி விரலின் நுனியைத் தந்திக்கு அடியில் நுழைத்துச் சுண்டிவிட வேண்டும். நானோ முதல் கணு வரை விரலை உள்ளே விட்டேன். விரல் சிக்கிக்கொண்டது, தாளம் பிந்தியது, ஒலி காதைக் கிழித்தது. பதிவின் அலைவடிவத்தைப் பார்த்தால் பாப் விழும் இடங்கள் வேலிக் கம்புகள்போல நெட்டுக்குத்தாக நின்றன. ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஸர் பெடல் வாங்கினால் தீரும் என்று சிலர் சொன்னார்கள். அது உதவத்தான் செய்கிறது, ஆனால் சமனில்லாத கையை அது திருத்துவதில்லை. அதைவிடப் பயன் தந்தது வாத்தியத்தைச் சீர்செய்ததுதான்: 12ஆம் ஃப்ரெட்டில் தந்தியின் உயரத்தை ஏறக்குறைய 2 மில்லிமீட்டருக்கு இறக்கி, ஒலி மங்கிய பழைய தந்திகளைக் கழற்றி, உருண்டைக் கம்பி சுற்றிய புதிய ரவுண்ட்வவுண்ட் தந்திகளைப் பூட்டினேன்.

இடக்கையின் வேலையை நான் வெகு தாமதமாகவே புரிந்துகொண்டேன். ஸ்லாப்பின் அன்றாடப் பாடமான, ஒரே சுரத்தைக் கீழும் மேலும் இரு ஸ்தாயிகளில் வாசிக்கும் ஆக்டேவ் வடிவில், ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டைக் கட்டைவிரல் அடிக்கும், டி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டை ஆள்காட்டி சுண்டும். இடையில் உள்ள ஏ தந்தியை இடக்கை ஆள்காட்டி தட்டையாகப் படுத்து அடக்க வேண்டும்; டி தந்தியை அழுத்தும் சுண்டுவிரலின் அடிப்பகுதி ஜி தந்தியையும் தொட்டபடி இருக்க வேண்டும். கோஸ்ட் நோட் என்ற சுருதியில்லாத ‘டக்’ ஒலியும் இந்தப் படுத்த விரல்களிலிருந்தே பிறக்கிறது.

தனியறையில் இத்தனையும் தேறிய பிறகு ஒத்திகைக்குச் சென்றேன். ஆம்பில் தாழ்ந்த ஒலியையும் (பேஸ்) உச்ச ஒலியையும் (டிரெபிள்) ஏற்றி நடுப்பகுதியைக் குறைத்து வைத்திருந்த ஒலி, வீட்டில் பளபளத்தது. டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் காணாமல் போனது. நடுப்பகுதியை மீட்டு ஏற்றிய பின், டிரம்ஸ் வாசிக்கும் நண்பர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “நீங்க பாப் அடிக்கிற இடமெல்லாம் என் ஸ்னேர் டிரம் விழற இடம். ரெண்டு பேரும் ஒரே வேலைய எதுக்குப் பார்க்கணும்?” எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்லாப்பைப் பரப்பியவராகப் போற்றப்படும் லாரி கிரஹாம், தாயாரோடு சேர்ந்து டிரம்மர் இல்லாமல் வாசித்த காலத்தில், பேஸ் டிரம் இல்லாத குறையைக் கட்டைவிரலாலும் ஸ்னேர் இல்லாத குறையைச் சுண்டலாலும் ஈடுகட்டப் போய்த்தான் அந்த முறைக்கு வந்தார். எங்கள் குழுவிலோ டிரம்மர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து, இரண்டாம் நான்காம் அடிகளில் விழுந்துகொண்டிருந்த பாப்புகளை எடுத்துவிட்டு, அவற்றுக்கு இடைப்பட்ட அரைத்துடிப்புகளில் ஒன்றிரண்டை மட்டும் வைத்தேன்.

இப்போது ஒரே பாட்டில் சரணத்தை விரல் வாசிப்பிலும் பல்லவியை ஸ்லாப்பிலும் கொண்டுபோகிறேன். பிக்கப்பிலிருந்து ஃப்ரெட்போர்டின் முனைக்குக் கை நகர ஒரு துடிப்பு வேண்டியிருப்பதால், பல்லவிக்கு முந்தைய கடைசிச் சுரத்தைச் சற்று முன்னதாகவே முடித்துக்கொள்கிறேன். 96 துடிப்பு வரை கை சொன்னபடி கேட்கிறது. 104க்கு ஏற்றினால் பாப் தாளத்தை முந்திக்கொண்டு ஓடுகிறது. சென்ற மாதம், கட்டைவிரலைக் கீழ்நோக்கி ஓட்டி மேல்நோக்கியும் மீட்டும் இரட்டை அடியைத் தொடங்கியிருக்கிறேன். திரும்பி வரும்போது விரல் இன்னும் தந்திக்கு அடியில் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறது.