மேல் கடைவாய்ப்பல்லும் அம்மாவின் வலக்கண்ணும்

மேல் வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்ற பயம் எங்கள் தக்கலைப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தினாலேயே, சொத்தை விழுந்த மேல் கடைவாய்ப்பல்லுடன் கிராம்பும் உப்புநீருமாக இரண்டு ஆண்டுகளைக் கடத்திய அம்மாவை, சென்ற ஆண்டு ஒருவழியாக மார்த்தாண்டத்திலுள்ள ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். மரத்துப்போகும் ஊசி போட்ட சில நிமிடங்களில், "மக்களே, எனக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதே" என்றார். வலக்கண் வெளிப்பக்கமாகத் திரும்பவில்லை. இமையும் சற்றுத் தாழ்ந்திருந்தது. பக்கவாதமோ என்று நடுங்கிப்போனேன்.

மருத்துவர் பதறவில்லை. கைகளைத் தூக்கச் சொல்லி, பேச்சையும் முகத்தையும் சோதித்துவிட்டு, அந்தக் கண்ணைத் துணியால் மூடினார். ஒரு கண் மூடியதும் இரட்டைப் பார்வை நின்றது. பிறகுதான் விளக்கினார். மேல் கடைவாய்ப்பற்களுக்கான ஊசி மேல்தாடை எலும்பின் பின்புறம் செலுத்தப்படுகிறது. அங்கிருந்து கண்குழிக்குள் செல்லும் இடுக்கின் வழியாக மரப்பு மருந்தான லிக்னோகைன் சிறிது பரவி, கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் தசையையோ அதன் நரம்பையோ மரக்கச் செய்துவிட்டால் இப்படி நேரும். கீழ்த்தாடை ஊசியிலும் கண் பாதிக்கப்படலாம்: ஊசிமுனை தமனிக்குள் புகுந்து, மருந்து இரத்த ஓட்டத்துக்கு எதிராக அழுத்தத்தோடு ஏறினால், கண்ணுக்குச் செல்லும் கிளைகளை எட்டிப் பார்வையையே சிறிது நேரம் மறைத்துவிடக்கூடும். அதனால்தான் மருந்தைச் செலுத்துமுன் உந்துதண்டைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும், 1 மில்லி லிட்டருக்கு ஒரு நிமிடம் என்ற அளவில் நிதானமாகச் செலுத்துவதும் அவசியம். பெரும்பாலும் மருந்தின் வீரியம் குறைந்ததும் எல்லாம் சரியாகிவிடும். நிரந்தரப் பாதிப்பு மிக அரிது. ஆனால் மரப்பு விட்ட பிறகும் பார்வை தெளியாவிட்டால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தெளியும்வரை வண்டி ஓட்டவே கூடாது.

ஒன்றரை மணி நேரத்தில் அம்மாவின் கண் பழையபடி திரும்பியது. மருத்துவர் மீது எனக்கு இருப்பது ஒரே மனக்குறைதான்: இப்படியும் நேரலாம், நேர்ந்தாலும் சரியாகிவிடும் என்று ஊசிக்கு முன்பே ஒரு வரி சொல்லியிருக்கலாம். மேல் பல்லென்றாலே கண்ணை நினைத்து அஞ்சும் ஊரில் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும். பிறகும் விளக்காமல் விட்டிருந்தால், பழைய பயத்துக்கு அம்மாவே சாட்சியாகியிருப்பார்.

ஒரு வாரம் கழித்து அதே நாற்காலியில் அந்தப் பல்லை எடுத்தார்கள். கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. இப்போது பக்கத்து வீட்டுச் சித்தி தன் மேல் பல்லைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், அன்று கண்ணைத் தொட்டது பல் அல்ல, வழிதவறிய மருந்துதான் என்று அம்மா பொறுமையாக விளக்குகிறார்.